ரோஜாவுக்கு அடியில் அலிஸம்

கேள்வி: ரோஜாச் செடிகளுக்கு நடுவே மண் வெறுமையாகக் கிடக்கிறதே, தரையோடு படர்ந்து வாசமாகப் பூக்கட்டும் என்று அலிஸம் விதை வாங்கி, மண் மூடி விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அப்புறம் நாற்றாக வாங்கி நட்டேன். இலை தெரியாமல் பூத்தது. இப்போது தண்டெல்லாம் குச்சி குச்சியாக நீண்டு, நடுவில் சொட்டை விழுந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். கத்தரிக்கோலை எடுங்கள்.

வெட்டும் முன் ஒரு தண்டை உற்றுப் பாருங்கள். நுனியில் மட்டும் நான்கைந்து பூக்கள் இருக்கும். அதற்குக் கீழே, பூ உதிர்ந்த காம்புகளில் எல்லாம் தட்டையான சின்னச் சின்னக் காய்கள். இது கடுகுக் குடும்பத்துச் செடி. பூவின் நான்கு இதழ்களும் கடுகுப் பூ மாதிரியே குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். காய் பிடிக்கத் தொடங்கினால் செடிக்குப் பூப்பதில் அக்கறை போய்விடும். அதனால்தான் இந்தக் கோலம். நான் தண்டுகளை ஒரு கைப்பிடியாகச் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை, ரொம்ப நீண்டிருந்தால் பாதியை, ஒரே வெட்டாக வெட்டிவிடுவேன். வெட்டுக்குக் கீழே பச்சை இலை கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். அது முக்கியம். அன்றே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். சில வாரங்களில் மறுபடி மொட்டு கட்டும். கடும் வெயில் காலம் என்றால் பூக்கத் தாமதமாகலாம். மத்தியதரைக் கடலோரச் செடி, சூடு தணிந்தால்தான் அதற்கு உற்சாகம்.

சொட்டை விழுந்த இடத்தில் புது விதை போடுங்கள். ஆனால் இந்த முறை மண்ணால் மூட வேண்டாம். அலிஸம் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, பூவாளியால் கொட்டாமல் தெளிப்பானால் நனைத்து வாருங்கள். 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். நாற்றுக்கு நாற்று 15 செ.மீ. இடம் விட்டுக் களையுங்கள்; 6 முதல் 8 வாரத்தில் பூ பார்க்கலாம். வாசம்தான் பெரிது என்றால் வெள்ளை ரகமே வாங்குங்கள். ஊதா பார்க்க அழகு, தேன் மணம் அவ்வளவாக இருக்காது.

ரோஜாவுக்குப் போடும் உரத்தை ரோஜாவின் தூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலிஸத்துக்குச் சத்து கூடினால் இலைதான் மண்டும். தண்ணீர் தேங்கினாலோ வேர் அழுகிவிடும்.

கேள்வி: இதை நட்டால் ரோஜாவுக்குப் பூச்சி வருமா?

பதில்: நேர்மாறு. குளவி மாதிரிக் கோடு போட்ட சின்ன ஈ ஒன்று அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று இந்தப் பூவில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல வகைகளின் புழு, செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று வளர்வது. கலிபோர்னியாவில் இயற்கை முறையில் லெட்யூஸ் கீரை போடுகிறவர்கள், இந்த ஈக்களுக்காகவே பயிருக்கு நடுவே அலிஸம் வளர்க்கிறார்கள். முட்டைக்கோஸ் பாத்தி பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒரே குடும்பம் என்பதால் அதன் பூச்சிகள் இதற்கும் வரும். ரோஜாத் துளிரில் அசுவினியைக் கண்டதும் மருந்து அடிக்காமல் கொஞ்சம் பொறுங்கள். அடித்தால் அந்த ஈயும் சேர்ந்து செத்துப்போகும்.