யாரிடம் போகிறாய்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் கப்பலில் வந்த குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நியூஜெர்சி எடிசனில் பத்து வருஷமாக இருந்தும் இப்போதுதான் வாய்த்தது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன், என் முறை எப்போது வரும் என்று தெரியாது. அந்தப் பெரிய கூடத்தில் நின்றபோது பொறாமையாக இருந்தது. அன்று வந்தவர்களை ஆலைகள் கூப்பிட்டு வேலை கொடுத்தன. அவர்களும் ஒழுங்காக வரிசையில் நின்று வந்தார்கள், வந்த சூட்டோடு ஊரையும் மொழியையும் விட்டு அமெரிக்கர்களாகிவிட்டார்கள், நகரங்கள் வளர்ந்தன. என்னோடு வேலை பார்ப்பவரின் கொள்ளுத்தாத்தா பெயரைக்கூட அந்தத் தீவின் அதிகாரி வெட்டிச் சுருக்கிவிட்டாராம். நாம் மட்டும் ஏன் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் இட்லி மாவு தேடிக்கொண்டு ஒதுங்கியே வாழ்கிறோம்?

முரளி

அன்புள்ள முரளி,

பொறாமையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் பெயர் விஷயம். எல்லிஸ் தீவு அதிகாரிகள் யாருக்கும் புதுப் பெயர் வைக்கவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிய பயணியர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா இளவயதில் அங்கே அந்த வேலை பார்த்தவர். பெயரைச் சுருக்கிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான், பிறகு, வேலை தேடும்போது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு அதிகாரி மாற்றிவிட்டார் என்று சொல்லிக்கொள்வதுதான் வசதி.

அடுத்தது வரிசை. 1892-ல் திறந்த அந்தத் தீவு வழியாக 1907-ல் மட்டும் பத்து லட்சம் பேர் வந்தார்கள். முதல் இரண்டு வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். தீவுக்குப் போனவர்கள் முக்கியமாகக் கப்பலின் அடித்தட்டில் வந்தவர்கள். சிக்கல் இல்லாதவருக்குச் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். விசா கிடையாது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். இதெல்லாம் ஐரோப்பியர்களுக்கு. சீனத் தொழிலாளர்களுக்கு 1882-லேயே கதவைச் சாத்தியாயிற்று. 1917-ல் நமக்கும். அதற்குப் பிறகு அந்த வரிசையில் நீங்கள் நிற்கவே முடிந்திருக்காது.

ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. "உனக்கு இங்கே வேலை காத்திருக்கிறதா?" என்று அதிகாரி கேட்பார். "ஆமாம்" என்றால் ஆபத்து. வெளிநாட்டிலேயே ஒப்பந்தம் பேசிக் கூலியாட்களை இறக்குவதை 1885-ல் ஒரு சட்டம் தடை செய்திருந்தது. "வேலையும் இல்லை, காசும் இல்லை" என்றாலும் ஆபத்து. அரசுக்குப் பாரமாவான் என்று எழுதித் திருப்பிவிடலாம். நீங்கள் எச்1பி வேலை விசாவுக்காகப் பத்திரமாக வைத்திருந்த ஆஃபர் லெட்டரை அன்றைக்கு ஒரு கூலிக்காரன் நீட்டியிருந்தால் அடுத்த கப்பலில் ஏற்றியிருப்பார்கள்!

பட்டியலில் இன்னொரு கட்டமும் உண்டு: யாரிடம் போகிறாய், முகவரி என்ன? அண்ணன், மாமா, ஊர்க்காரன். என்னைக் கேட்டால், எந்த நகரத்தில் எந்தத் தெரு வளர வேண்டும் என்று முடிவு செய்தது அந்தக் கட்டம்தான். பலருக்கு டிக்கெட்டே முன்னால் போனவர் பணம் கட்டி அனுப்பியது. ஒரு கிராமத்தார் ஒரே தெருவில் வந்து சேர்வார்கள். இத்தாலியர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கப் பத்ரோனே என்று ஒரு தரகர். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள், கமிஷன் உட்பட.

சிகாகோவில் 1870-ல் சுமார் 3 லட்சம் பேர். 1890-ல் 11 லட்சம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளைகள். அங்கே இறைச்சி ஆலைகளில் மாட்டைக் கொக்கியில் தொங்கவிட்டு நகர்த்திக்கொண்டே போவார்கள். ஒருவருக்கு ஒரே ஒரு வெட்டு, நாள் முழுக்க அதேதான். அதைச் சைகையிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம், ஆங்கிலம் எதற்கு?

சில வருஷங்களுக்கு முன் நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97-ம் எண் கட்டடத்தைப் பார்த்தேன். 1863-ல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான்: மூன்று அறை, மொத்தம் 325 சதுர அடி. வெளிச்சம் ஒரே அறைக்கு. உள்ளே ஒரு சுவரில் நல்ல ஜன்னல் இருந்தது, எட்டிப் பார்த்தால் பக்கத்து அறை! எனக்கு முதலில் விளங்கவில்லை. எல்லா அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, வெளிச்சுவர் இல்லாத அறைக்கு எங்கே போவது? உள்சுவரை வெட்டி வைத்துவிட்டார்கள். காசநோயைத் தடுக்கக் காற்றோட்டம் செய்தாயிற்று. 1890களில் அந்தக் கட்டடத்தில் ஒரு குடித்தனத்தின் முன்னறையே தையல் பட்டறை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கக் கோடையிலும் அடுப்பு எரிய வேண்டும். அந்தப் பேட்டையில் வாடகை கட்ட முடியாமல், ராத்திரி படுக்க மட்டும் வெளியாளைச் சேர்த்துக்கொண்ட வீடுகளும் நிறைய. ஆலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வீடு கட்டும் அக்கறை ஆலைக்கு இல்லை. ஊர்க்காரன் வீட்டுத் தரைதான் நகரத்தைத் தாங்கியது.

மொழியை விட்டார்களா? 1897-ல் அதே பேட்டையில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ஃபார்வர்ட்ஸ் என்ற நாளிதழ் வந்தது. 1906-ல் அதில் 'பிண்டல் பிரீஃப்', அதாவது ஒரு கட்டுக் கடிதம், என்ற பகுதி தொடங்கியது. வாசகர் கடிதமும் பதிலும்தான்! விட்டுப்போன கணவன், பேச்சைக் கேட்காத பிள்ளை என்று தாய்மொழியில் எழுதித் தள்ளினார்கள். ஹெஸ்டர் தெருத் தள்ளுவண்டிகளில் ஊர் ருசிக்கு ஊறுகாய் வாங்கினார்கள். இத்தாலியர்களில் ஏராளமானவர்கள் சம்பாதித்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்கள். இட்லி மாவுக்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

பையனை ஆர்ச்சர்ட் தெருவுக்கும் ஒருநாள் கூட்டிப் போங்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. உங்கள் நண்பரின் கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் பட்டியல் இணையத்தில் தேடினால் கிடைக்கலாம். பெயர்க் கதையை அவரிடம் மெதுவாக உடையுங்கள். கிடைத்தால், அந்தக் கட்டத்தில் யார் முகவரி இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.