ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு 1,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கும் பூக்கல் டிசைன் படங்களும் லினக்ஸ் போட்ட பழைய கணினியில் இருக்கின்றன. ஒரு படம் திறக்கவே நெடுநேரம் ஆகிறது. செட்டிங்கை மாற்றி ஹார்ட் டிஸ்கின் வேகத்தை இரண்டு மடங்காக்குவதாகச் சொல்லி, காரைக்குடிக் கடை ஒன்றில் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை டிஸ்குகள் இருந்த காலத்தில், அணைந்துகிடந்த டிஎம்ஏ வசதியை (செயலியைச் சுமக்கவிடாமல் தகவலை நேரே நினைவகத்துக்கு அனுப்பும் முறை) ‘எச்டிபார்ம்’ (hdparm) என்ற கட்டளையால் இயக்கியதும் வேகம் பல மடங்கு கூடியது உண்மைதான். அதற்குப் பின் வந்த சாட்டா இணைப்பு டிஸ்குகளில் அந்த வேலையைக் கணினி தொடங்கும்போதே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தானாகச் செய்துவிடுகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி பிடிக்கும். வேண்டிய தகவல் அதைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரத்தை எந்தச் செட்டிங்காலும் குறைக்க இயலாது. டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலரை ‘பிஎஃப்கியூ’ (BFQ) என்று மாற்றினால், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மற்ற வேலைகள் தடைபடுவது ஓரளவு குறையலாம். அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும், கூலி தேவையில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. வேகத்துக்காக லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில், தகவல் சரியான வரிசையில் டிஸ்கில் எழுதப்படுவதை உறுதிசெய்யும் ‘பேரியர்’ பாதுகாப்பைச் சிலர் நிறுத்திவிடுவார்கள். அதன்பின் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், கணக்கு முழுவதும் சிதைந்துபோகக்கூடும். யுபிஎஸ் இருந்தாலும் இதற்கு உடன்படாதீர்கள்.

முதலில், எந்தச் செலவும் இல்லாத ‘ஸ்மார்ட்சிடிஎல்’ (smartctl) கருவியால் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியின் கடைசி எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், டிஸ்க் சில இடங்களைப் படிக்கத் திணறுகிறது என்று பொருள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அன்றே படங்களையும் கணக்கையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். அந்த எண் பூஜ்யமாக இருந்தால், கணினி சும்மா இருக்கும்போது ‘எச்டிபார்ம்’ கட்டளையை ‘-t’ என்ற சிறிய எழுத்துத் தேர்வுடன் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். 7,200 சுழற்சி டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட்டை ஒட்டிப் படித்தால் அதன் இயல்பான வேகம் அதுவே. மிகக் குறைவாக வந்தால் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அந்தப் பணத்தைச் சாட்டா எஸ்எஸ்டி (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) வாங்குவதற்கு ஒதுக்குங்கள். சுழலும் தட்டே இல்லாததால் அது நொடிக்கு 500 மெகாபைட் வரை படிக்கக்கூடும், பழைய சாட்டா டிஸ்க் பொருந்தும் அதே வகை இணைப்பில் பொருந்தும். லினக்ஸையும் அன்றாடக் கணக்கையும் அதில் வைத்து, பழைய படங்களை ஹார்ட் டிஸ்கிலேயே விட்டுவிடலாம். வாங்கும்போது சீரியல் எண்ணும் உத்தரவாதக் காலமும் குறித்த ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள்.