பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

இலங்கையில் நிலையான வைப்பு வட்டி இறங்கியதிலிருந்து பலருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்மேல் கண். கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு பதில்கள் கீழே.

வெள்ளவத்தை: அண்ணா, கூரையில்லாத 1967 எம்ஜிபி (இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வருகிறது. பெயின்ட் பளபளக்கிறது. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்ட்டை விடுங்கள், தம்பி. எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, காரின் உடல்தான் சேசிஸ். கூரையும் இல்லை. அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டிதான் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அதற்குள் அடுக்கடுக்காகத் தகரம். உள் அடுக்கு கறள் பிடித்துப் போனாலும் வெளியே தெரியாது. பழையதை வெட்டி எடுக்காமல் கறளின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டவைத்து, புட்டி தடவி, பெயின்ட் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கதவை மூடி, அதன் பின்விளிம்பு இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். பிறகு ஜாக்கில் தூக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க அடம் பிடித்தாலோ வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். சின்னக் காந்தமொன்றைத் துணியில் சுற்றிக் கீழ்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் புட்டி. மரைன் டிரைவ் உப்புக் காற்றில் நின்ற கார் என்றால் தரையில் படுத்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது காரின் பதிவுப் புத்தகம். சேசிஸ் இலக்கம் புத்தகத்திலும் தகட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கூரையில்லாத எம்ஜிபி என்றால் ஜி.எச்.என். என்று தொடங்கும், கூரையுள்ள ஜிடி என்றால் ஜி.எச்.டி. இங்கிலாந்தில் கெய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு அந்த இலக்கத்தைக் கொடுத்துப் பணம் கட்டினால், கார் கட்டப்பட்ட திகதி, முதல் நிறம் எல்லாம் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். விற்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

கொட்டாஞ்சேனை: ஓபன் பேப்பர் கார் (பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட தாளோடு கைமாறுவது), நல்ல மலிவு. வாங்கலாமா?

வேண்டாம்.

பம்பலப்பிட்டி: ஜப்பானிலிருந்து 1990 மஸ்டா எம்எக்ஸ்-5 இறக்கலாமா?

முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025இல் திறந்தார்கள், ஆனால் பாவித்த காருக்கு வயதெல்லை உண்டு. 1990 கார் அதற்குக் கிட்டவும் வராது. ஏற்கெனவே நாட்டில் இருப்பதில்தான் தேட வேண்டும். விலை இறங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வத்தளை: நண்பர் 2021இல் வாங்கிய ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயருக்கு இப்போது ஒன்றரை மடங்கு கேட்கிறார்கள். இதைவிட நல்ல முதலீடு உண்டா?

2021இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். 2022 மே மாதத்தில் 360ஐத் தொட்டது, பிறகு 300 பக்கம் இறங்கியது. டொலரில் கணக்குப் போட்டால் உங்கள் நண்பரின் கார் அதே இடத்தில்தான் நிற்கிறது. ரூபாய் விழுந்தபோது அது அவர் காசைக் காப்பாற்றியது, அது உண்மை. லாபம் என்று சொல்லாதீர்கள். இடையில் செய்த டயர், பிரேக், டிங்கரிங் செலவையும் கழிக்கச் சொல்லுங்கள்.

தெஹிவளை: டொயோட்டா எஞ்சின் போட்ட எம்ஜிபி பார்த்தேன். ஓடுகிற கார்தானே நல்லது?

ஓட நல்லது. விற்க நல்லதல்ல. 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் எம்ஜிபி கட்டினார்கள், அதனால் எம்ஜிபி என்ற பெயருக்கு மட்டும் யாரும் கூடுதல் காசு தர மாட்டார்கள். மாற்றாமல் இருப்பதற்குத்தான் தருவார்கள்.

தெஹிவளை மறுபடி: ஒரிஜினல் எஞ்சினுக்குச் சாமான் எங்கே? ஜப்பான் சாமான் பஞ்சிகாவத்தையில் கைக்குக் கிடைக்கிறது.

எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் வந்த அதே பி-சீரிஸ் குடும்பம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் பழைய மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். சாமான் இங்கிலாந்தில் புதிதாகவே செய்கிறார்கள், எஸ்யு கார்பரேட்டர் கிட் உட்பட.

மட்டக்குளி: இந்த வாதத்தில் நான் தெஹிவளைக்காரர் பக்கம். காலி வீதி டிராபிக்கில் அரை மணி நேரம் நின்றால் ஒரிஜினல் கொதிக்கிறது, அண்ணை!

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மின்விசிறி ஒன்று பூட்டுங்கள். நாளைக்கு வேண்டாமென்றால் நான்கு போல்ட்டோடு கழன்றுவிடும். கொதிக்கிறது என்று எஞ்சினையே மாற்றுவார்களா? மாற்றியே தீருவீர்கள் என்றால், புது எஞ்சின் இலக்கத்தைப் புத்தகத்தில் பதியுங்கள், பழைய எஞ்சினை எண்ணெய் பூசிக் கராஜ் மூலையில் வையுங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

தெஹிவளை: எனக்கு ஞாயிறு காலையில் ஓட்டினால் போதும், மியூசியம் வேண்டாம்.

அப்படியென்றால் தாராளமாக வாங்குங்கள். அதை முதலீடு என்று வீட்டில் சொல்லாதீர்கள், என் சண்டை அவ்வளவுதான்.

கல்கிசை: எந்தக் கார் சீக்கிரம் இரண்டு மடங்காகும்?

தெரிந்தால் சொல்லாமல் நானே வாங்கியிருப்பேன். இதையே கேட்ட மற்றவர்களுக்கும் இதுதான் பதில்.

மருதானை: ஓபன் பேப்பர்தான், ஆனால் உரிமையாளர் தங்கமான மனிதர்.

தங்கமான மனிதர் உங்களோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு வந்து பெயரை மாற்றித் தரட்டும். அதன் பிறகு காசைக் கொடுங்கள்.

கொள்ளுப்பிட்டி: பழைய எஞ்சினுக்கு 95 பெட்ரோல் அடித்தால் போதுமா?

95 அடியுங்கள். ஆனால் பிரச்சினை ஒக்டேன் (அந்த 95) மட்டுமல்ல. இங்கே 2002இல் பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தினார்கள். அதற்கு முன் அந்த ஈயம்தான் எஞ்சினின் வார்ப்பிரும்பு ஹெட்டில் (மேல்பகுதியில்) வால்வ் சீட், அதாவது வால்வ் வந்து உட்காரும் இடம், தேயாமல் காத்தது. எப்போதாவது ஹெட்டைக் கழற்றினால் கடினமான வால்வ் சீட் போட்டுவிடுங்கள். அதுவரை நுவரெலியா ஏற்றத்தில் அழுத்தி மிதிக்காதீர்கள்.