காய்ச்சல் விட்டும் மூச்சு வாங்குகிறதா? இதயத் தசை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (கீழக்கரை): தம்பிக்கு 26 வயது, சங்கு குளிக்கப் போகிறவன். ஃபுளூ காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகிறது. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறான். நெஞ்சில் சளி மிச்சம் இருக்குமோ டாக்டர்?

பதில்: சளி என்று விட்டுவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் தேவலை என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். ஃபுளூ, கொரோனா வைரஸ்கள் சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். மயோகார்டைட்டிஸ் என்போம். பாதிச் சேதம் வைரஸின் வேலை என்றால், மீதி அதை விரட்டப் போன நம் எதிர்ப்பு சக்தியின் வேலை. அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் தலைகாட்டுகிறது. இன்றே ராமநாதபுரம் கூட்டிப்போய் இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை மூன்றையும் எடுத்துவிடுங்கள். மயக்கம் வந்தால் யோசிக்காமல் 108. முடிவு தெரியும்வரை அவன் கடலில் இறங்கவே கூடாது.

கேள்வி (தங்கச்சிமடம்): எனக்கு இந்த நோய்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகில் ஏறலாமா?

பதில்: தடைக்காலம் 61 நாள். இதற்கு வழக்கமாகச் சொல்லும் ஓய்வு 3 முதல் 6 மாதம். கணக்கு இடிக்கிறது, தெரியும். வட்டிக்காரர் அத்தனை நாள் பொறுக்க மாட்டார். ஆனால் ஆறாத தசையோடு வலை இழுத்தால் துடிப்பு தாறுமாறாகி இதயமே நின்றுபோகலாம். நடுக்கடலில் ஷாக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? எக்கோவும் 24 மணிநேர இசிஜியும் சரியாக வந்து, டாக்டரும் சம்மதித்த பிறகு போங்கள். உடம்பு வலிக்கு ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி (மண்டபம்): அப்பாவின் எக்கோவில் இஎஃப் 35 சதவீதம். அவ்வளவுதான் இதயம் வேலை செய்கிறதா?

பதில்: அப்படியில்லை அம்மா. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்ற அளவு அது. நல்ல இதயத்துக்கே 55 முதல் 70தான் வரும். 35 குறைவுதான், ஆனால் மருந்தில் பலருக்கு ஏறுகிறது. தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்துகிறார்களே, அதுதான் வம்பு.

கேள்வி (தொண்டி): கருவாடு?

பதில்: கால் வீக்கம் இருக்கிறதா? அப்படியானால் வேண்டாம், அத்தனையும் உப்பு. பச்சை மீன் குழம்பு, உப்புக் குறைத்துச் சாப்பிடலாம்.

கேள்வி (பாம்பன்): இந்த இதயத் தசை அழற்சி கொரோனா ஊசியால் வந்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: ஊசிக்குப் பின் இந்த அழற்சி கூடுதலாகப் பதிவானது ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசிகளில், அதுவும் பெரும்பாலும் இளைஞர்களுக்கு. நம் ஊரில் பெரும்பாலானோர் போட்டது கோவிஷீல்டு, கோவாக்சின். இரண்டும் அந்த வகை இல்லை. அப்புறம், ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்கள் வருடாவருடம் ஃபுளூ ஊசி போடுவது நல்லது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேளுங்கள்.