எத்தனை தடவை கேட்கலாம்? சம்மதம் பற்றிக் கேள்வி பதில்

பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளோடும் அவர்கள் பெற்றோரோடும் பேசுவது என் வேலை. வந்த கேள்விகளில் பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஆறு வயது. பெரியப்பா வந்தால் தூக்கி வைத்து முத்தம் கேட்பார், இவள் நெளிவாள். "கொடுடி, பெரியவங்க மனசு கோணும்" என்கிறார் மாமியார். என்ன செய்ய?

வாங்க என்று கூப்பிடட்டும், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கட்டும், மரியாதை அதோடு முடிந்தது. முத்தம் அதில் சேராது. பெரியவரிடம் பேச வேண்டியது நீங்கள்தான், பிள்ளை இல்லை. "அவளுக்குக் கூச்சம் பெரியப்பா, அவளா வருவா, விடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், ஆனால் அவள் காதில் விழுகிற மாதிரி. பள்ளியில் குட் டச், பேட் டச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம், ஆனால் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுபவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். தெரிந்தவரிடமும் மாட்டேன் என்று சொல்லலாம், சொன்னால் அம்மா நம் பக்கம் நிற்பாள் என்பது வீட்டில்தான் பழக வேண்டும்.

கேள்வி: எனக்கு இரண்டும் பையன்கள். எங்களுக்கும் இது தேவையா?

தேவை. பையன்களுக்கும் பாலியல் தொல்லை நடக்கிறது, போக்சோ சட்டம் ஆண் பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இன்னொன்று, பெரியவன் கிச்சுகிச்சு மூட்டும்போது சின்னவன் "போதும் விடு" என்று கத்தினால் அவன் கை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் விளையாட்டுதானே என்று டிவி பக்கம் திரும்பாமல் எழுந்து போய் நிறுத்துங்கள்.

கேள்வி: மிஸ், நான் ப்ளஸ் ஒன். ஒரு பொண்ணுகிட்ட ப்ரபோஸ் பண்ணேன், இல்லைன்னுட்டா. பின்னாடியே போ, மாறிடுவான்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. எத்தனை தடவை கேட்கலாம்?

ஒரு தடவை. அதைக் கேட்டாகிவிட்டது தம்பி.

நம் ஊர் சினிமா நூறு தடவை இதைக் காட்டியிருக்கிறது, ஹீரோ சுற்றிக்கொண்டே இருப்பான், இடைவேளைக்குப் பிறகு அவள் சிரிப்பாள். நீ ட்யூஷன் வாசலில் நிற்கும்போது அவள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அவள் வேறு தெரு வழியாகப் போகிறாள். தோழியைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். வீட்டில் சொல்ல மாட்டாள், ஏனென்றால் சொன்னால் நிற்பது உன் ட்யூஷன் இல்லை, அவளுடையது. போனைப் பிடுங்குவார்கள், சில வீடுகளில் படிப்பையே நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவளுடைய தோழியிடம் சொல்லி அனுப்புவது, ப்ளாக் செய்தபின் புது ஐடியில் வருவது எல்லாமே பின்னால் சுற்றுவதில்தான் சேர்த்தி. 2013லிருந்தே இது தனிக் குற்றம், இப்போது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. உன் வயதுக்கு வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும், ஆனாலும் ஸ்டேஷன் ஸ்டேஷன்தான்.

வலிக்கும், தெரியும். அழுதால் ஒன்றும் குறைந்துவிடாது. அவளைக் குத்திக்காட்டி ஸ்டேட்டஸ் மட்டும் வைக்காதே.

கேள்வி: அக்கா, எனக்கு 17. அவன் இன்ஸ்டா பாஸ்வேர்ட் கேட்கிறான், நம்பிக்கை இருந்தால் கொடு என்கிறான். மற்றபடி நல்லவன்.

கொடுக்காதே. மற்றபடி நல்லவனா என்பதற்குச் சின்னதாக ஒன்று செய்து பார்: "இந்தச் சனிக்கிழமை வரலை, படிக்கணும்" என்று சொல். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பரவாயில்லை, எல்லோரும் செய்வதுதான். இரவெல்லாம் கால் செய்து நீ மன்னிப்புக் கேட்கும் வரை விடவில்லை, கையை அறுத்துக்கொள்வேன் என்கிறான், போட்டோவைப் போட்டுவிடுவேன் என்கிறான் என்றால் அது காதல் கணக்கில் வராது. கையை அறுப்பேன் என்று சொன்னால் அவன் வீட்டில் ஒரு பெரியவரிடம் உடனே சொல்லிவிடு. அவனைக் காப்பாற்றுவதற்காக நீ அவனோடேயே இருக்க வேண்டியதில்லை.

போட்டோ மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதே, இன்னொரு போட்டோவும் அனுப்பாதே. மிரட்டிய மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடி. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களே, மகள் வந்து சொன்னால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "ஏன் அனுப்பின?" என்று இருக்க வேண்டாம், இருந்தால் அடுத்த தடவை உங்களிடம் வரவே மாட்டாள்.

கேள்வி: இதையெல்லாம் பேசினால் நாமே காதலுக்கு வழிகாட்டிய மாதிரி ஆகாதா சார்? (நான் சார் இல்லை, மேடம். பரவாயில்லை.)

நீங்கள் பேசாவிட்டால் போன் பேசும். அது ஆபாசப் படத்தில் பார்த்ததை உண்மை என்று சொல்லிக்கொடுக்கும். அப்புறம் சட்டம் இருக்கிறது: 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே பாலியல் உறவுக்குச் சம்மதம் செல்லாது, இருவரும் விரும்பித்தான் பழகினார்கள் என்றாலும் சரி. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் வீட்டை விட்டுப் போனால் அவன் மேல் பாய்வது இந்தச் சட்டம்தான். அப்படியொரு வழக்கை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்க வந்ததல்ல இது என்றது. ஆனால் எல்லா வழக்கும் அங்கே போய்ச் சேருவதில்லை, சேர்வதற்குள் கைது, ரிமாண்ட், போன படிப்பு எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இந்த 18 என்ற எண்ணே தெரியாத ப்ளஸ் டூ பையன்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

கேள்வி: ஆசிரியை நான். ஒரு மாணவி என்னிடம் மட்டும் ஒன்றைச் சொன்னாள். தலைமையாசிரியர் "நாமே விசாரிப்போம்" என்கிறார்.

கூடாது. போக்சோ 19ஆம் பிரிவுப்படி போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் உங்களுக்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். இன்றே 1098க்குப் பேசுங்கள், இரவானாலும் எடுப்பார்கள்.