தெப்பன்யாக்கி விருந்துக்குச் செல்லும் முன்

கேள்வி: உயர்தர ஜப்பானிய உணவகம் ஒன்றில் சுஷியும் (சோற்றோடு மீன் சேர்த்த உணவு) தெப்பன்யாக்கியும் (சூடான இரும்புத் தகட்டில் வாட்டித் தரும் இறைச்சி) பரிமாறும் விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. எதை முதலில் உண்பது, எப்படி உண்பது?

பதில்: சுஷியை முதலில் உண்ணுங்கள். வாட்டிய இறைச்சியின் கொழுப்பும் பூண்டு மணமும் நாவில் படிந்துவிட்டால், மீனின் மென்மையான சுவை எடுபடாது. பிடித்த சோற்றின்மேல் மீன்துண்டு வைத்த நிகிரியைக் கையால் எடுத்து உண்பது ஜப்பானிலேயே ஏற்கப்பட்ட வழக்கம் என்பதால், குச்சிகளோடு போராட வேண்டியதில்லை. அதைச் சாய்த்து, மீன் பக்கம் மட்டும் சோயா சாஸில் லேசாகப் படும்படி தொட்டு, ஒரே வாயாக உண்ணுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் அது சாஸை உறிஞ்சி உதிர்ந்துவிடும், வாயில் உப்புதான் மிஞ்சும். சமையற்கலைஞரே சாஸ் தடவித் தந்திருந்தால் மீண்டும் தொட வேண்டாம். ஊறவைத்த இஞ்சி, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நாவைத் தூய்மையாக்குவதற்கே.

தெப்பன்யாக்கி, 1945இல் கோபே நகரின் மிசோனோ உணவகத்தில் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. வெங்காய அடுக்கில் தீ எழுப்பும் வித்தைகள் அமெரிக்காவில் புகழ்பெற்றவை. உண்மையான கைத்திறனோ, சூடான இரும்புத் தகட்டில் இறைச்சியின் மேற்பரப்பைப் பழுப்பேற்றி, உள்ளே ஈரம் குறையாமல் சரியான கணத்தில் எடுப்பதில்தான் இருக்கிறது என்பேன். அதைக் கவனித்துப் பாருங்கள். வெட்டித் தந்தவுடன், ஆறவிடாமல் உண்ணுங்கள்.

சைவ உணவினர், ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். பல சாறுகளிலும் சாஸ்களிலும் மீன் சேர்வதுண்டு, தகடும் பொதுவானதாக இருக்கலாம். உடலில் பூசும் வாசனைத் திரவியம் உணவின் மணத்தை மறைக்கும் என்பதால், அன்று அதையும் தவிர்த்துவிடுங்கள்.