நின்றபடி போன ஆடுகள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கிக் குழம்பு வைத்தேன். என் பத்து வயது மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். ஆட்டுக்குட்டிகளைப் பற்றி ஏதோ காணொளி பார்த்திருக்கிறாள். "வலிக்காமல் கொன்றார்களா?" என்று கேட்கிறாள். பேரங்காடியில் 'நல்ல முறையில் வளர்க்கப்பட்டது' என்று அச்சிட்ட ஆஸ்திரேலிய இறைச்சி இருக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதை வாங்கினால் போதுமா, இல்லை கறியையே விட்டுவிடுவதா? ஹலால் முறையில்தான் வலி அதிகம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., பொங்கோல்

அன்புள்ள க.,

சில வாரங்களாக இதே நினைப்பாக இருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கறியை விடுவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் அடுப்படி. நான் கறி உண்பவன்.

அந்த வாட்ஸ்அப் தகவல் எனக்குக் கோபமூட்டுகிறது. அதை எழுதியவர் அறுக்கும் இடத்தில் ஒருநாளாவது நின்றிருப்பாரா? ஆட்டின் கண்முன் கத்தியைத் தீட்டக் கூடாது, ஒன்றை அறுப்பதை இன்னொன்று பார்க்கக் கூடாது என்பது இஸ்லாமிய மரபு. ஆஸ்திரேலியாவின் ஹலால் கூடங்கள் பெரும்பாலானவற்றில் தலையில் மின்சாரம் செலுத்தி, ஆடு நினைவிழந்த பிறகே அறுக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர்மீது பழிபோட ஆட்டின் வலியைக் கடன் வாங்காதீர்கள். அதை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால், இன்றே அவரை அழைத்துத் திருத்துங்கள்.

உங்கள் மகள் கடைசி நிமிடத்தைப் பற்றிக் கேட்கிறாள். குழந்தை அப்படித்தான் கேட்கும். ஆனால் பெரியவர்களாகிய நாமும் அந்த ஒரு நிமிடத்தையே பிடித்துக்கொண்டு வாதாடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு முன்னால் அந்தக் குட்டிக்குச் சில மாத வாழ்க்கை இருந்தது. செம்மறிக்குட்டியானால், பிறந்த சில வாரங்களில் வாலை நறுக்கியிருப்பார்கள், பல பண்ணைகளில் மரத்துப்போக மருந்துகூடக் கொடுக்காமல். பிறகு பயணம். அதைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில், செம்பவாங் பக்கம் எங்கள் கம்பத்து (கிராமத்து) வீட்டின் பின்னால் அம்மா நான்கு வெள்ளாடுகள் வளர்த்தார். பலா இலை ஒடித்து வருவது என் வேலை. ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு கிடைத்ததும் ஆடுகளை விற்க வேண்டியதாயிற்று. முதலில் வந்த வியாபாரி நல்ல விலை சொன்னார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு ஆட்டின் நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி லாரியில் தூக்கிப் போட்டார். அது போட்ட சத்தம் கேட்டு அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். பணத்தை அவர் கையில் திணித்து, கட்டை அவிழ்க்கச் சொன்னார். "அறுக்கப் போகிற ஆடுதானே, அக்கா" என்றார் அவர். "அறுக்கிறவரைக்கும் அது ஆடு" என்றார் அம்மா.

மறுநாள் வேறொருவர் வந்தார். ஆட்டுக்குப் பத்து வெள்ளி குறைவு. ஆனால் சாக்கு விரித்து, நிற்கவைத்துக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார். அப்பாவுக்கு அந்த நாற்பது வெள்ளி பெரிய தொகை. இரண்டு நாள் அம்மாவுடன் பேசவில்லை. "கூடவே போ, வழியில் தண்ணீர் காட்டு" என்று அம்மா என்னையும் லாரியில் ஏற்றிவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் கறிக்குழம்பு வைத்துத் தானும் உண்டவர்தான் அவர்.

2017 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடாவுக்குச் சென்ற ஒரே கப்பலில் சுமார் 2,400 செம்மறி ஆடுகள் வெப்பத்தில் வெந்து செத்தன. கப்பல் பணியாளர் ஒருவர் எடுத்த படங்கள் மறு ஆண்டு வெளியாயின. மூச்சுக்குத் தவித்து வாய் பிளந்து, சொந்தச் சாணத்துக்குள் புதைந்து நிற்கும் ஆடுகள். அவை எந்தக் கத்தியையும் பார்க்கவில்லை. உயிருள்ள செம்மறிகளைக் கடல்வழியே அனுப்புவதை 2028 மே 1 முதல் தடைசெய்யும் சட்டம் 2024இல்தான் அங்கே நிறைவேறியது. பண்ணைக்காரர்கள் பிழைப்பு போகிறது என்று வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கப்பலில் தண்ணீர் காட்ட ஒரு பையன் போதாது, க. பல அடுக்குகளில் பல்லாயிரம் ஆடுகள்.

விலையைக் கேட்டிருந்தீர்கள். ஒன்றரை மடங்கு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அட்டையில் உள்ள அழகான சொல்லுக்காகக் கொடுக்காதீர்கள். வாலை நறுக்கும்போது மருந்து கொடுத்தார்களா, எத்தனை மணி நேரம் லாரியில் நின்றது என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

மகளை அதட்டிவிடாதீர்கள். அவள் தட்டில் இப்போதைக்குக் கறி வைக்க வேண்டாம். வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்: அன்று வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. சாப்பிட்டாயா என்றுகூட அம்மா கேட்கவில்லை. "நாலும் தண்ணீர் குடித்ததா?" என்றார். மூன்று குடித்தன, சின்னது குடிக்கவில்லை என்றேன். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.